ஸ்காபரோவுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்ட்

என் கணினிக்குள் கிராபிக்ஸ் கார்ட் என்று ஒன்று இல்லை என்பதை அறுபத்து மூன்று வயதில்தான் அறிந்துகொண்டேன். அப்படி ஒன்று இருக்கலாம் என்றுகூட அதுவரை எனக்குத் தெரியாது. மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் வாங்கிய பெட்டி அது. அவள் கல்யாணம் முடித்துக் கனடாவுக்குப் போனபோது அதை என் அறைக்கு மாற்றி, ஃபைபர் இணைப்பும் எடுத்துத் தந்து, "இனி முகம் பாத்துக் கதைக்கலாம் அப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அதில் பத்திரிகை வாசிப்பேன், சீட்டு விளையாடுவேன். அதற்குமேல் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய எனக்குத் தேவை வரவில்லை.

கண்டியில் ஹந்தானைக்கு ஏறும் வீதியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்காக வந்து, இங்கேயே தங்கிப்போனவன். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் படவரைஞராக இருந்தேன். காணி, வாய்க்கால், ரோட்டு எல்லாவற்றையும் மேலேயிருந்து பார்த்தபடி தாளில் வரைவது என் வேலை. நான் ஓய்வு பெற்ற வருடம்தான் எங்கள் பகுதிக்குக் கணினிகள் வந்திறங்கின; எனக்குப் பிறகு வந்தவர்கள் பேனையைத் தொடவேயில்லை. மகள் ஏ.எல். பரீட்சை எழுதிய வருடம் மனைவி காலமானாள். கீழ்வீட்டுக்காரர் கொழும்பில் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு தடவை வந்து, பூட்டைத் திறந்து, ஜன்னல்களைத் திறந்து, மறுபடி எல்லாவற்றையும் சாத்திவிட்டுப் போவார்கள். ஒரு மனிதக் குரலை நேரில் கேட்க வேண்டுமென்றால் நான் பஸ் ஏற வேண்டும். யாரும் பாவப்பட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. என் நிலவரம் அது.

கனடாவுக்குப் போக இரண்டு தடவை விண்ணப்பித்தேன். இரண்டு தடவையும் விசா மறுத்தார்கள். முதல் கடிதத்தில் காரணம் வளவளவென்று இருந்தது. இரண்டாவது கடிதம் நேரடியாகவே விஷயத்துக்கு வந்தது. வந்தால் நான் திரும்பிப் போவேன் என்பதில் அவர்களுக்குத் திருப்தியில்லையாம். ஏனென்றால் இலங்கையில் எனக்குப் போதிய குடும்பப் பிணைப்பு இல்லையாம். அதை வாசித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் கடிதத்தை நாலாகக் கிழித்தேன். பிறகு ஆவணம் ஆயிற்றே என்று பசை தடவி ஒட்டி வைத்தேன். தனியாக இருப்பதால்தான் மகளிடம் போகிறேன் என்று கேட்கிறேன். தனியாக இருப்பதால்தான் விட முடியாது என்கிறார்கள். மூன்றாம் தரமும் போடச் சொன்னாள் மகள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் ரோசம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு அவள் எடுப்பாள். அங்கே அப்போது காலை. "சாப்பிட்டியளோ? மழையோ? மருந்து எடுக்கிறியளோ?" இந்த மூன்று கேள்விகளும் முடிந்தால் இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமிராது. முன்பெல்லாம் முகமாவது தெரியும். சில மாதங்களாக அதுவும் இல்லை. தொலைபேசியின் கமரா பழுதாம். மருமகனைக் கேட்டால் வேலைக்குப் போய்விட்டார் என்பாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நான் தபாலில் அனுப்பும் மிளகாய்த்தூள் பார்சலையும் வேண்டாம் என்றுவிட்டாள், சுங்கத்தில் பிரச்சினையாம். அந்த விலாசத்தை எத்தனை தடவை பெரிய எழுத்தில் எழுதியிருப்பேன். வீட்டு இலக்கம், தெரு, ஸ்காபரோ, ரொறன்ரோ, எல்லாம் மனப்பாடம். ஆனால் அந்த வீட்டின் வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எனக்குத் தெரியாது. கல்யாணம் முடித்துக் கொடுத்த மகள் எந்தத் தெருவில் நடந்து பஸ் பிடிக்கிறாள் என்று தெரியாத தகப்பன் நான். இரவு பகல் என்று பாராமல் இந்த எண்ணம் என்னை அரித்துக்கொண்டேயிருந்தது.

இந்த நிலையில்தான் ஒரு நாள் தொலைபேசியில் அந்த வீடியோ அகப்பட்டது. யாரோ ஒருவர் கணினியில் விமானம் ஓட்டுகிறார். விளையாட்டுத்தான், ஆனால் கீழே இருப்பது நிஜமான உலகம். வானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து ஊர் ஊராக அப்படியே செய்திருக்கிறார்கள். அவர் கண்டி வாவிக்கு மேலால் வந்தார். பைரவகந்தைப் புத்தர் சிலை தாண்டியது. விமானம் சரிந்து ஹந்தானைப் பக்கம் திரும்பியபோது வீடியோவை நிறுத்திவிட்டேன். தேயிலைக்குக் கீழே, வளைவுக்குப் பக்கத்தில், நான் இருக்கும் வீட்டின் கூரை தெரிந்தது. தண்ணீர்த் தாங்கிகூட அதன் இடத்திலேயே இருந்தது.

ஹந்தானையே இருக்கிறதென்றால் ஸ்காபரோ இல்லாமல் போகுமா? விசா வேண்டாம், பயண முகவர் வேண்டாம், யாருக்கும் திருப்தி வர வேண்டாம். நானே ஓட்டிக்கொண்டு போய் மகளின் வீட்டைப் பார்க்கப்போகிறேன். அன்றே முடிவெடுத்தேன். அவளுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு மேலே நின்றுகொண்டு தொலைபேசி எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஆசை.

அந்த விளையாட்டை வாங்கி இறக்க இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் திறந்தேன். ரொறன்ரோ விமான நிலையத்தைத் தெரிவுசெய்தேன். திரையில் ஒரு படம் வந்தது, நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு படம் வந்து நின்றது. விமானத்தின் ஒரு இறக்கை மட்டும் தெரிந்தது. பிறகு ஓர் அறிவித்தல்: என் கணினியில் இதன் படங்களைத் திரையில் வரையும் தகுதியுள்ள கிராபிக்ஸ் கார்ட் இல்லையாம். அதாவது அங்கேயும் எனக்குத் தகுதி போதாது. அறிவித்தலை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பிலிமத்தலாவையில் கணினி உதிரிப்பாகக் கடை ஒன்று இருப்பதைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன். நடத்துபவர் ஒரு முஸ்லிம் பெண்மணி, நாற்பத்தைந்து வயதிருக்கும். மேசையில் திறந்து கிடந்த ஒரு கணினிக்குள் தூரிகையால் தூசு தட்டிக்கொண்டிருந்தார்.

"செல்லுங்க சேர், என்ன வேணும்?"

"கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு வேணும். நல்லதாப் பாத்துத் தாங்கோ."

"ஒங்கட பெட்டிக்குள்ள எவ்வளவு இடம் ஈக்கி? பவர் சப்ளை எத்தின வோட்?"

எனக்குத் தெரியாது என்றேன். தாளை நீட்டினேன். வாசித்துவிட்டு அதைத் திருப்பித் தந்தார்.

"சேர், இதுல நல்லது கெட்டது இல்ல. ஒங்கட பெட்டிக்குள்ள போறதுதான் நல்லது. நீளம் கூடினா மூடி பூட்டேலாது, கரண்ட் பத்தல்லன்னா ஓடாது. பெட்டிய கொண்டு வாங்க, நாங்களே பூட்டித் தாறோம்."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடத்துக்குமேல் அளவு எடுத்துப் பிழைத்தவனிடம் அளவு தெரியுமா என்று கேட்டால் எப்படி இருக்கும்? அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறும் எண்ணமும் எனக்கில்லை. "அளவோட வாறன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

அடுத்த மூன்று நாள் நான் சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி மேசையில் சாய்த்து வைத்தேன். உள்ளே ஆறு வருடத் தூசு. அதைத் துடைத்து, பழைய வரைபலகையை அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து, தாளை ஒட்டினேன். பெட்டியின் உட்பக்கத்தை ஒன்றுக்கு ஒன்று அளவில் வரைந்தேன். தாய்ப்பலகை, அதில் கார்ட் செருகும் நீளமான துளை, அதிலிருந்து முன்சுவர் வரை உள்ள தூரம், குறுக்கே வரும் வயர்கள், மேல்மூலையில் பவர் சப்ளை, அதன் உடலில் ஒட்டியிருந்த வோட் கணக்கு எல்லாம் வந்தன. ஒரு மூலையில் குறிவிளக்கமும் போட்டேன். பழக்கதோஷத்தில் வடக்குத் திசை அம்பு போடவும் கை போனது. கணினிக்கு என்ன வடக்கு என்று என்னையே ஏசிக்கொண்டு விட்டுவிட்டேன்.

அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மறுபடி பிலிமத்தலாவை போனேன். கடைக்காரப் பெண்மணி அதை மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு சாமான் வைத்து, குனிந்து பார்த்தார்.

"அல்லாவே, இது என்ன சேர்! வீடு கட்டப் போற பிளான் மாதிரி ஈக்கி."

பிறகு உள்ளே போய் இரண்டு கார்ட் கொண்டுவந்தார். முதலாவதில் மூன்று காற்றாடிகள். அதை என் படத்தின் மேல், துளை வரைந்திருந்த இடத்தில் வைத்தார். அதன் மூக்கு முன்சுவர்க் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதை எடுத்துவிட்டு, இரண்டு காற்றாடி உள்ள சிறியதை வைத்தார். கோட்டுக்கு ஒரு விரல் உள்ளே நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பவர் சப்ளையும் மாற்ற வேண்டும், மெமரியும் ஒன்று கூட்ட வேண்டும் என்றார். சரி என்றேன்.

"எனத்துக்கு சேர் இது? கேம் விளையாடவா?"

இந்தக் கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நல்ல மனுஷி, கேட்டிருப்பார். ஆனால் மகளைப் பார்க்க என்று ஆரம்பித்தால் குரல் எங்கே போய் நிற்கும் என்று பயமாக இருந்தது. "படம் கீறிற வேலைக்கு" என்றேன். என் வரைபடத்தைப் பார்த்தவர் அதை நம்பிவிட்டார். அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

பூட்டும் முறையை அவர் விரல்விட்டுச் சொல்லித்தந்தார். கரண்டைக் கழற்ற வேண்டும், இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் கார்டைத் தொட வேண்டும், துளையில் நேராக வைத்துக் கிளிக் என்று கேட்கும்வரை அமத்த வேண்டும், திரையின் வயரைப் பழைய இடத்தில் செருகாமல் புதிய கார்டில் செருக வேண்டும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். வெளியே மழை, ஹந்தானை மலை இருந்த இடமே தெரியவில்லை. ஒவ்வொரு வயரிலும் பிளாஸ்டர் துண்டு ஒட்டி இலக்கம் போட்டேன். கழற்றிய திருகாணிகளைத் தேநீர்த் தட்டுகளில் பிரித்து வைத்தேன். பழைய பவர் சப்ளையை வெளியே எடுத்து, புதியதையும் மெமரியையும் பூட்ட மத்தியானமாகிவிட்டது. பாண் துண்டு ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, கார்டின் பெட்டியைத் திறந்தேன்.

கறுப்பும் வெள்ளியுமாக அழகாக இருந்தது. முகப்பு முழுவதும், காற்றாடிகள் உட்பட, பளபளப்பான மெல்லிய பொலித்தீன் ஒட்டியிருந்தது. செருகும் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி. தொப்பியோடு துளைக்குள் போகாது என்பதால் அதைக் கழற்றினேன். பொலித்தீனை உரிக்கவில்லை. உரிக்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. எங்கள் ஆட்களுக்கு இது தெரியும். குளிர்சாதனப்பெட்டிக் கதவில் வந்த நீலத் தாள் என் வீட்டில் இன்னும் இருக்கிறது. ரிமோட் அதன் உறையோடுதான் வேலை செய்கிறது. புதுக் கதிரையின் பொலித்தீன் வியர்வையில் முதுகோடு ஒட்டினாலும் அதை உரிப்பது ஊதாரித்தனம். இவ்வளவு பெரிய சாமானை வாங்கி, தூசு படும்படி விடுவேனா? நுனியில் கொஞ்சம் கிளம்பியிருந்த இடத்தைக்கூட விரலால் தடவி ஒட்டினேன்.

துளையில் வைத்து அமத்தினேன். பயந்து பயந்து அமத்தியதில் போகவில்லை. இரண்டாம் தரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமத்தினேன். கிளிக் என்றது.

"சரி" என்று சத்தமாகச் சொன்னேன். அறையில் யாரும் இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்க இன்னொரு ஆள் இருந்திருக்கலாம் என்று அப்போது மனம் அப்படி ஏங்கியது. மனைவி இருந்திருந்தால் "இதுக்கே இவ்வளவு புழுகமோ?" என்று என் சந்தோஷத்தைப் பார்த்துக் கேட்டிருப்பாள். மேசைக்குக் கீழே சிந்திய திருகாணியைத் தேடும் சாட்டில் கொஞ்ச நேரம் நிலத்திலேயே இருந்தேன்.

கணினி ஒரே தரத்தில் எழும்பியது. காற்றாடிகள் சுழன்றன. விளையாட்டைத் திறந்தேன். இந்தத் தடவை இறக்கை மட்டுமல்ல, முழு விமானமும் இருந்தது. ஓடுபாதை, கோடுகள், தூரத்தில் ஏரி. விசைப்பலகையைத் தட்டி, வேகம் கூட்டி, மூக்கைத் தூக்கினேன். நிலம் கீழே போனது. நேர்க்கோட்டுத் தெருக்கள், கட்டம் கட்டமாக வீடுகள். என் தொழிலில் இப்படி ஒழுங்கான ஊர் ஒன்றை நான் வரைந்ததேயில்லை. கிழக்கே திரும்பினேன். பத்து நிமிஷம் இருக்கும். திரை கறுத்தது. கணினியும் நின்றது.

மறுபடி போட்டேன். மறுபடி ஓடுபாதை, மறுபடி ஏரி, அதே இடம் வர மறுபடி கறுத்தது. மூன்றாம் தரமும் அப்படியே. அறையில் சூடேறிய பிளாஸ்டிக் மணம். மூன்றாவது விசாவும் மறுத்தாயிற்று என்று நினைத்தேன். சிரிப்பதற்குப் பதிலாக மேசையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன். தட்டுகளில் இருந்த திருகாணிகள் துள்ளின. முழு மாலையும் கார்டைக் கழற்றிப் பூட்டினேன். பவர் வயரை மாற்றிப் பார்த்தேன். என் அளவில் பிழை இல்லை, அதை மட்டும் சத்தியம் செய்வேன்.

ஞாயிறு காலை ரோசத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"காத்தாடி சுத்துதா சேர்?"

"ஓம், சுத்துது."

"காத்து வருதா? கைய வச்சிப் பாருங்க."

வைத்தேன். காற்று வரவில்லை.

"சேர், மேலால ஈக்கிற பொலித்தீன உரிச்சீங்களா?"

"அதை உரிக்க வேணுமோ?" என்று கேட்டேன்.

"சேரே! மூக்கப் பொத்திட்டு மலை ஏறச் சென்னா நீங்க ஏறுவீங்களா?" அவர் சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு என்மேல் இரக்கப்பட்டிருக்க வேண்டும். "எங்கட வீட்டு ஃப்ரிஜ்லயும் அஞ்சு வருஷமா பொலித்தீன் ஈக்கி சேர். அதுக்கு மூச்சு தேவல்ல, இதுக்கு தேவை. உரிச்சிப் போடுங்க."

உரித்தேன். ஒரே இழுப்பில் முழுதாக வந்தது. மறுபடி போட்டு, கார்டின் ஓரத்தில் கையை வைத்தபோது, இரண்டு நாளாக உள்ளே அடைபட்டிருந்த காற்று உள்ளங்கையில் பட்டது. என் முட்டாள்தனத்தை எண்ணி எனக்கே சிரிப்பு வந்தது. தனியாக இருந்து சத்தமாகச் சிரித்தேன்.

அன்று மாலை ஆறரைக்கு உட்கார்ந்தேன். அங்கே காலை ஒன்பது. விளையாட்டிலும் நேரத்தை அப்படியே வைத்தேன். மகள் எடுக்க இன்னும் அரைமணி இருந்தது. அதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பத்து நிமிஷம் தாண்டியது, திரை கறுக்கவில்லை. விலாசத்தை வைத்து இணைய வரைபடத்திலிருந்து தாளில் வரைந்து வைத்திருந்த தெருக்களை எண்ணிக்கொண்டு போனேன். பெரிய நெடுஞ்சாலை, ஒரு பள்ளிக்கூட மைதானம், பிறகு இடது பக்கம் மூன்றாவது தெரு, கோடியிலிருந்து ஐந்தாவது வீடு.

சாம்பல் நிறக் கூரை. முன்னால் கார் நிறுத்த ஒரு சீமெந்துத் துண்டு. பின்னால் ஒரு மரம். வாசல் தெற்குப் பக்கம் பார்த்திருந்தது. தெருவில் ஒரு மனிதரும் இல்லை. விளையாட்டில் மனிதரை வைக்கவில்லை போலும். இருந்தாலும் இதுதான் என் பிள்ளையின் வீடு. கண் நிறைந்துவிட்டது, மறைக்க யாரும் இல்லாதபடியால் துடைக்கவுமில்லை. ஒரு வட்டம் சுற்றி வந்து, அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அப்பா? என்ன, நீங்கள் எடுக்கிறியள்? ஏதும் சுகமில்லையோ?"

"நான் உங்கட வீட்டுக்கு மேல நிக்கிறன்."

"என்ன?"

சொன்னேன். விளையாட்டை, கார்டை, பொலித்தீனை, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"எந்த வீடு அப்பா?"

"எந்த வீடோ? நான் பார்சல் அனுப்பிற வீடுதான். பின்னுக்கு ஒரு மரம் நிக்குது. வாசல் தெக்குப் பக்கம்."

"ஓம்" என்றாள். பிறகு, "அந்த வீட்டில நான் இப்ப இல்லை அப்பா" என்றாள்.

"ஏன், வித்துப்போட்டியளோ? மாப்பிள்ளை ஒண்டும் சொல்லேல்லையே."

"அவர் அங்கதான் இருக்கிறார். நான்தான் வெளிய வந்திட்டன். மாசியில."

மாசி. நான் விரலை மடக்கி எண்ணினேன். ஐந்து மாதம். ஐந்து மாதமாகச் சாப்பிட்டியளோ, மழையோ, மருந்து எடுக்கிறியளோ. விசைப்பலகையை விட்டுவிட்டேன். விமானம் மூக்கைக் கீழே போட்டுக்கொண்டு இறங்கியது; கூரைகள் பெருத்துக்கொண்டு வந்தன. அந்த வீட்டின் மேலேயே விழுந்துவிடும் போலிருக்க, அவசரமாகத் தூக்கினேன்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?" கத்திவிட்டேன். இப்படியான நேரத்தில் எனக்கு முதலில் கோபம்தான் வரும். "நான் என்ன செத்தே போனன்?"

"சொல்லி என்ன செய்யிறது? உங்களை இங்க வரவும் விடமாட்டாங்கள். நீங்கள் அங்க தனிய இருந்து யோசிச்சுக்கொண்டு கிடப்பியள்."

"நீ அங்க தனிய இருந்து என்ன செய்யிறாய்?"

"நானும் யோசிச்சுக்கொண்டுதான் கிடக்கிறன்."

என்ன நடந்தது, யாரில் பிழை என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. என் வாழ்க்கையில் வாயை அடக்கிய சில தருணங்களில் அது ஒன்று. "இப்ப இருக்கிற இடம் எங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"தூரமில்லை. அந்த ரோட்டால கிழக்க வந்தால் ரெண்டு உயரக் கட்டடம் பக்கத்தில பக்கத்தில நிக்கும்."

"சொல்லு, வாறன்."

வீடு தேடி வரும் ஒருவருக்குச் சொல்வதுபோல அவள் வழி சொன்னாள். பெரிய சந்தி வரும், அதைத் தாண்டி வாங்கோ. வலது பக்கம் ஒரு பூங்கா, அதுக்குள்ள ஒரு வாய்க்கால். இன்னும் கொஞ்சம் வாங்கோ அப்பா. அவள் "வாங்கோ" என்று சொல்லச் சொல்ல நான் போனேன். தன்னுடைய சந்தி, தன்னுடைய பஸ் தரிப்பிடம், தான் மரக்கறி வாங்கும் கடை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு வருடத்தில் கதைத்ததைவிட அன்று கூடக் கதைத்தாள்.

இரண்டு கட்டடமும் வந்தன. கணினி அவற்றைப் பெட்டிகளாகத்தான் செய்திருந்தது. சுவரில் ஜன்னல்கள் வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே மாதிரி.

"வந்திட்டன்" என்றேன்.

"வலது பக்கத்துக் கட்டடம். பதினோராம் மாடி. பொறுங்கோ, பல்கனிக்கு வாறன்." ஒரு கதவு திறக்கும் சத்தமும், பிறகு தெருவின் இரைச்சலும் தொலைபேசியில் கேட்டன. "கை காட்டுறன் அப்பா. தெரியுதோ?"

என் திரையில் இருந்த கட்டடத்தில் பல்கனியே இல்லை.

"ஓம் பிள்ளை, தெரியுது."

"பொய்." கொஞ்சம் சிரித்தாள். "அப்ப சொல்லுங்கோ பாப்பம், நான் எப்பிடி இருக்கிறன்?"

"மெலிஞ்சு போனாய்" என்றேன்.

தெரு இரைச்சலுக்குள் அவள் அழுவது கேட்டது. விமானம் கட்டடத்தைத் தாண்டிப் போய்விட்டது. அதை இடது பக்கம் சரித்து, ஒரு வட்டம் எடுத்து, மறுபடியும் அவள் நின்ற பக்கம் வந்தேன்.